உயிரோடு இருந்தவருக்குத் திதி கொடுத்தார்கள்!

அருணா ஆசப் அலியின் வாழ்க்கைக் கதை

1928-ம் ஆண்டு.

வங்காளத்தைச் சேர்ந்த பெரிய குடும்பம் அது. படிப்பும் பெயரும் உள்ள குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், தன் உடன்பிறந்தவரின் மகள் இறந்துபோனாள் என்று உறவினர்களிடம் சொன்னார். அவளுக்குத் திதி கொடுத்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

ஆனால் அந்தப் பெண் இறக்கவில்லை. டெல்லி நகரில் உயிரோடு இருந்தார். அவருக்கு அப்போது வயது 19.

அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். தன் மனதுக்குப் பிடித்தவரை மணந்துகொண்டார். மாப்பிள்ளை ஒரு முஸ்லிம்!

அந்தப் பெண்தான் அருணா. பிற்காலத்தில் வெள்ளைக்கார சர்க்கார் அவர் தலைக்கு விலை வைத்துத் தேடியது. சுதந்திர இந்தியாவில் டெல்லி மாநகரம் அவரைத் தன் முதல் மேயராக்கியது. அவர் மறைந்த பிறகு நாடு அவருக்குப் "பாரத ரத்னா" விருது கொடுத்தது.

வீட்டார் செத்தவள் என்று ஒதுக்கிய பெண்ணை, நாடு மகளாக ஏற்றுக்கொண்டது. அந்தக் கதை இது.

பிறந்த வீடு

அருணா 1909-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் கால்கா. சிம்லா மலைக்கு ரெயில் ஏறும் ஊர். அன்று அது பஞ்சாபில் இருந்தது. இன்று அரியானா மாநிலத்தில் இருக்கிறது.

தந்தை உபேந்திரநாத் கங்குலி. கிழக்கு வங்காளத்தில் உள்ள பாரிசால் பகுதியைச் சேர்ந்தவர். பிழைப்புக்காக வடக்கே வந்து உணவு விடுதி நடத்தியவர். தாயார் அம்பாலிகா தேவி. அவருடைய தந்தை திரைலோக்கியநாத் சன்யால், பிரம்ம சமாஜத்தின் தலைவர்களில் ஒருவர். பக்திப் பாடல்கள் பல எழுதியவர்.

பிரம்ம சமாஜம் என்பது ராஜா ராம்மோகன் ராய் 1828-ல் தொடங்கிய சீர்திருத்த இயக்கம். கடவுள் ஒருவரே என்றது. உருவ வழிபாடு வேண்டாம் என்றது. பிற்காலத்தில் சாதி வேற்றுமையையும் எதிர்த்தது. பெண்கள் படிக்க வேண்டும் என்று பாடுபட்டது.

ஆகவே அருணாவும் நன்றாகப் படித்தார். லாகூரில் கன்னிமாடப் பள்ளியில் படித்தார். பிறகு நைனிடாலில் படித்தார். படிப்பு முடிந்ததும் கல்கத்தாவில் கோகலே நினைவுப் பள்ளியில் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தார்.

பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டவே தயங்கிய காலம் அது. அந்தக் காலத்தில், தானே சம்பாதித்துத் தன் காலில் நின்றவர் அருணா.

பாரிஸ்டரைச் சந்தித்தார்

அலகாபாத் நகரில் அருணா ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் ஆசப் அலி. டெல்லியில் பெயர்பெற்ற பாரிஸ்டர்.

ஆசப் அலி 1888-ல் பிறந்தவர். டெல்லி செயிண்ட் ஸ்டீபன் கல்லூரியில் படித்தார். பிறகு லண்டன் சென்று சட்டம் படித்துப் பாரிஸ்டர் ஆனார். நாடு திரும்பியதும் காங்கிரசில் சேர்ந்தார். சிறைக்கும் போனார்.

இருவருக்கும் இடையே அன்பு வளர்ந்தது. கலியாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தார்கள்.

தடைகள் இரண்டு இருந்தன. ஒன்று, வயது. ஆசப் அலி 21 வயது மூத்தவர். மற்றொன்று, மதம்.

வயது வேற்றுமையை அந்தக் காலத்தில் பலர் பொறுத்துக்கொள்வார்கள். மத வேற்றுமையைப் பொறுக்கமாட்டார்கள். கறம்பக்குடி ஆனாலும் சரி, கல்கத்தா ஆனாலும் சரி, பெண் வேறு மதத்துப் பிள்ளையை விரும்பினால் வீட்டில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான். ஊர் என்ன சொல்லும் என்பதே அந்தக் கேள்வி.

நெருப்புப் பற்றிய காலம்

அன்று ஊர் இருந்த நிலைமையையும் பார்க்க வேண்டும்.

1920-ல் காந்தியடிகள் ஒத்துழையாமைப் போரைத் தொடங்கினார். அப்போது இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்றார்கள். 1922-ல் அந்தப் போர் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஒற்றுமை குலைந்தது. ஊர் ஊராகக் கலகம் மூண்டது.

1924-ல் எல்லைப்புறத்தில் உள்ள கோகாட் நகரில் பெரிய கலவரம் நடந்தது. மனம் நொந்த காந்தியடிகள், டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஒரு முஸ்லிம் தலைவரின் வீட்டில்தான் அந்த விரதத்தைத் தொடங்கினார். அவர் மவுலானா முகமது அலி.

அப்படியும் நெருப்பு அணையவில்லை. 1926-ல் கல்கத்தாவில் கலவரம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் மாதம் டெல்லியில் சுவாமி சிரத்தானந்தர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இது நடந்து இரண்டே ஆண்டு. அதே டெல்லி நகரத்து முஸ்லிம் பாரிஸ்டரை ஓர் இந்துப் பெண் மணக்கப் போகிறார்!

வீட்டுக் கதவு மூடியது

அருணாவின் தந்தை அப்போது உயிரோடு இல்லை. தந்தையுடன் பிறந்த நாகேந்திரநாத் கங்குலி, தன்னையே பெண்ணுக்குப் பாதுகாவலராக நினைத்தார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். மகாகவி ரவீந்திரநாத் தாகூரின் மகள் மீரா தேவியை மணந்தவர்.

சீர்திருத்தக் குடும்பம். பேராசிரியர். தாகூரின் சம்பந்தம். இத்தனை இருந்தும் என்ன? தன் வீட்டுப் பெண் முஸ்லிமை மணந்தபோது அந்த நெஞ்சு இளகவில்லை. தன்னைப் பொறுத்தவரை அவள் இறந்துவிட்டாள் என்றார். திதியும் கொடுத்துவிட்டதாக அறிவித்தார்.

மேடையில் சாதி, மதம் பார்க்காதவர்கள் உண்டு. வீட்டு வாசலுக்கு அது வரும்போதுதான் உண்மையான சோதனை. அந்தச் சோதனையில் படிப்பு மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது.

அருணா கலங்கி நிற்கவில்லை. எடுத்த முடிவில் உறுதியாக நின்றார். 1928-ல் கலியாணம் நடந்தது. பெற்றோர் வைத்த பெயரை அவர் கைவிடவில்லை. அதனுடன் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அருணா ஆசப் அலி என்ற பெயரில் இரண்டு மதங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்தப் பெயரிலேயே நாடு அவரை அறிந்தது.

சட்டம் எப்படி இருந்தது?

இந்துவும் முஸ்லிமும் அன்று பதிவுத் திருமணம் செய்துகொள்வது எளிது அல்ல.

1872-ல் வந்த சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் அதன்படி மணக்க விரும்பும் இந்துவும் முஸ்லிமும், தாங்கள் தங்கள் மதத்தைப் பின்பற்றவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கலியாணம் வேண்டுமானால் மதத்தை விடு என்றது சட்டம்!

சுதந்திரம் வந்த பிறகு, 1954-ல், சிறப்புத் திருமணச் சட்டம் பிறந்தது. அதன்படி அவரவர் மதத்தில் இருந்துகொண்டே மணக்கலாம். 30 நாள் முன்னதாக அதிகாரிக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வயது வரம்பும் விதித்தார்கள்.

அருணா மணந்து 26 ஆண்டு கழித்தே சட்டம் இந்தக் கதவைத் திறந்தது.

பாரிஸ்டர் மனைவி சிறையில்

கலியாணமான மறு ஆண்டே டெல்லியில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. 1929 ஏப்ரல் 8-ந் தேதி டெல்லி சட்டசபையில் பகத் சிங்கும் படுகேஸ்வர் தத்தும் குண்டு வீசினார்கள். அந்த வழக்கில் இளைஞர்கள் பக்கம் நின்ற வக்கீல் ஆசப் அலி.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. அருணா ஊர்வலங்களில் கலந்துகொண்டார். கூட்டங்களில் பேசினார். போலீசார் அவரைக் கைது செய்தார்கள். என்ன குற்றம் சாட்டினார்கள் தெரியுமா? பிழைப்பு இல்லாமல் ஊர் சுற்றுகிறவர் என்று! பேர்பெற்ற பாரிஸ்டரின் மனைவி மீது இப்படி ஒரு குற்றச்சாட்டு.

1931-ல் காந்தி – இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டது. அரசியல் கைதிகள் விடுதலையானார்கள். அருணாவை மட்டும் சர்க்கார் விடவில்லை.

அப்போது சிறையில் ஓர் அதிசயம் நடந்தது. அவருடன் இருந்த மற்றப் பெண் கைதிகள் வெளியே போக மறுத்துவிட்டார்கள். அருணாவை விட்டால்தான் நாங்களும் போவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். காந்தியடிகள் தலையிட்ட பிறகே அவர்கள் சம்மதித்தார்கள். வெளியே பொதுமக்களும் கிளர்ச்சி செய்தார்கள். கடைசியில் அருணா விடுதலையானார்.

பெற்ற குடும்பம் கைவிட்ட பெண்ணுக்காக, யார் யார் வீட்டுப் பெண்களோ விடுதலையை வேண்டாம் என்றார்கள். அருணாவுக்குப் புதிய உறவு கிடைத்துவிட்டது.

1932-ல் மறுபடியும் சிறை. அங்கே அரசியல் கைதிகளைக் கேவலமாக நடத்தினார்கள். அதை எதிர்த்து அருணா உண்ணாவிரதம் இருந்தார். கைதிகளின் நிலை சற்றுத் திருந்தியது. ஆனால் அவரை அம்பாலாச் சிறைக்கு மாற்றித் தனி அறையில் அடைத்தார்கள்.

பம்பாயில் பறந்த கொடி

1942 ஆகஸ்டு 8-ந் தேதி. பம்பாயில் காங்கிரஸ் மகாசபைக் கூட்டம். வெள்ளையனே வெளியேறு என்ற தீர்மானம் நிறைவேறியது. ஆசப் அலியும் அருணாவும் பம்பாயில் இருந்தார்கள்.

மறுநாள் பொழுது விடியும் முன்பே போலீசார் தலைவர்களைக் கைது செய்தார்கள். காந்தியடிகளைப் பூனாவில் உள்ள ஆகாகான் மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். நேரு, பட்டேல், மவுலானா ஆசாத் முதலியவர்களை ஆமத்நகர் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஆசப் அலியும் அவர்களில் ஒருவர்.

அன்று காலை கொவாலியா குளம் மைதானத்தில் கொடி ஏற்ற வேண்டும். தலைவர்கள் எல்லாரும் சிறைக்குப் போய்விட்டார்கள். மைதானத்தில் மக்கள் கூடி நிற்கிறார்கள். போலீசாரும் நிற்கிறார்கள். யார் கொடி ஏற்றுவது?

33 வயதான அருணா முன்னே வந்தார். கொடியை ஏற்றினார்!

போலீசார் கூட்டத்தின் மீது கண்ணீர்ப் புகைக் குண்டு வீசினார்கள். தடியடி நடத்தினார்கள். ஆனால் ஏறிய கொடியின் செய்தி நாடு முழுவதும் பரவிவிட்டது. இன்று அந்த மைதானத்துக்கு ஆகஸ்டுப் புரட்சி மைதானம் என்று பெயர்.

தலைக்கு ஐயாயிரம்

கணவர் கோட்டைக்குள் அடைபட்டார். மனைவி போலீஸ் கையில் சிக்காமல் தலைமறைவானார்.

அன்று முதல் ஏறக்குறைய மூன்றரை ஆண்டு அருணா ஒளிந்து வாழ்ந்தார். இடம் விட்டு இடம் மாறினார். ராம் மனோகர் லோகியாவுடன் சேர்ந்து "இன்குலாப்" என்ற இரகசியப் பத்திரிகை நடத்தினார்.

சர்க்கார் அவருடைய சொத்துக்களைப் பறிமுதல் செய்து விற்றது. அவரைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு ரூ.5 ஆயிரம் பரிசு என்று அறிவித்தது. அந்தக் காலத்தில் ஐயாயிரம் ரூபாய் என்பது ஒரு குடும்பம் பல ஆண்டு உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பணம். அப்படியும் அவர் பிடிபடவில்லை.

உடல் நலம் கெட்டது. இளைத்துத் துரும்பாகிப் போனார். 1944-ல் காந்தியடிகள் தம் கைப்படக் கடிதம் எழுதி அனுப்பினார். அருணாவின் தைரியத்தைப் பாராட்டினார். ஒளிந்து கிடந்து சாக வேண்டாம், வெளியே வந்து சரண் அடையலாம் என்று யோசனை சொன்னார். பரிசுப் பணத்தை அரிசனத் தொண்டுக்குக் கொடுக்கலாம் என்றும் எழுதினார்.

அருணா அந்தக் கடிதத்தைப் பொக்கிஷம்போல் காத்தார். ஆனால் சரண் அடையவில்லை. 1946-ல் சர்க்கார் வாரண்டை ரத்து செய்த பிறகே வெளியே வந்தார். காதலுக்காக வீட்டாருக்கு வணங்காதவர், தான் சரி என்று நம்பியதற்காக மகாத்மாவின் சொல்லுக்கும் வணங்கவில்லை.

ஒரே கூண்டில் மூன்று மதம்

இதற்கிடையே ஆசப் அலி 1945-ல் விடுதலையாகி மற்றொரு பெரிய வேலையை ஏற்றார். நேதாஜியின் இந்தியத் தேசிய ராணுவ வீரர்கள் மீது டெல்லிச் செங்கோட்டையில் வழக்கு நடந்தது. மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்த ராணுவம் அது.

முதல் வழக்கில் மூன்று அதிகாரிகள் நிறுத்தப்பட்டார்கள். ஷா நவாஸ் கான் முஸ்லிம். பிரேம் சாகல் இந்து. குர்பக்ஷ் சிங் தில்லான் சீக்கியர். அவர்களுக்காக வாதாட காங்கிரஸ் ஒரு வக்கீல் குழுவை அமைத்தது. அதை ஒன்றுதிரட்டி நடத்தியவர் ஆசப் அலி. பூலாபாய் தேசாய் தலைமையில் வாதம் நடந்தது. மூன்று மதத்தவரையும் காக்க நாடே ஒன்றாக நின்றது. தண்டனை விதித்த சர்க்காரே மூவரையும் விடுதலை செய்யும்படி ஆயிற்று.

நாடு பிரிந்தது

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் இரத்த ஆறு ஓடியது. 1947-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. இலட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசல் இழந்து எல்லை தாண்டினார்கள். அருணா படித்த லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. தந்தையின் பூர்வீகமான பாரிசாலும் அந்த நாட்டுக்கே போயிற்று.

ஆசப் அலி இந்தியாவே தன் நாடு என்று இருந்தார். 1946-ல் நேருவின் இடைக்கால மந்திரிசபையில் ரெயில்வே மந்திரியாக இருந்தார். 1947-ல் அமெரிக்காவுக்கு இந்தியாவின் முதல் தூதராகச் சென்றார். மதத்தின் பெயரால் நாடு வெட்டுண்ட நாளில், வாஷிங்டனில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் ஒரு முஸ்லிம்! அவர் மனைவி ஓர் இந்து! இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து வாழ முடியாது என்றவர்களுக்கு, அந்தத் தம்பதியின் வாழ்க்கையே பதிலாக இருந்தது.

பாதை வேறானது

இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆசப் அலி சட்டம் அறிந்தவர். நிதானமானவர். அருணா புரட்சிக்காரர். 1948-ல் ஆசப் அலி ஒரிசாவின் கவர்னரானார். அதே 1948-ல் அருணா காங்கிரசை விட்டு விலகிச் சோஷலிஸ்டுகளுடன் சென்றார். பின்பு சில காலம் கம்யூனிஸ்டுக் கட்சியிலும் இருந்தார்.

கணவர் கவர்னர், மனைவி எதிர்க்கட்சி! ஆனால் அவர்களிடையே இருந்த வேற்றுமை அரசியல் கொள்கையில் ஏற்பட்டது. ஊர் பயந்ததுபோல் மதத்தால் ஏற்பட்டது அல்ல.

பிறகு ஆசப் அலி சுவிட்சர்லாந்தில் இந்தியத் தூதராக இருந்தார். அங்கே பெர்ன் நகரில் 1953 ஏப்ரல் 2-ந் தேதி காலமானார். 25 ஆண்டு இல்லறம் முடிந்தது. அருணாவுக்கு அப்போது வயது 43.

டெல்லியின் முதல் மேயர்

அருணா ஒடுங்கிப் போகவில்லை. 1954-ல் தொடங்கிய இந்திய மாதர் தேசிய சம்மேளனத்தில் முன்நின்று உழைத்தார். 1958-ல் டெல்லி மாநகராட்சியின் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எந்த நகரத்தில் அவருடைய கலியாணம் வம்புப் பேச்சானதோ, அதே நகரத்தின் முதல் குடிமகள் ஆனார்!

"பேட்ரியட்" நாளிதழையும் "லிங்க்" வார இதழையும் நடத்துவதில் பங்குகொண்டார். 1964-ம் ஆண்டுக்கான லெனின் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1992-ல் பத்ம விபூஷண் பட்டம் வந்தது.

1996 ஜூலை 29-ந் தேதி, 87-வது வயதில் அருணா மறைந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது.

திதியும் உயிரும்

அருணா கொடுத்த விலை சிறியது அல்ல. பிறந்த வீட்டு உறவை இழப்பது எந்தப் பெண்ணுக்கும் எளிது அல்ல. காதலுக்காக வீட்டை விட்டவர்கள் எல்லாரும் அவரைப்போல் மேயர் ஆகிவிடுவதும் இல்லை. அவருக்குப் படிப்பு இருந்தது. சொந்தச் சம்பாத்தியம் இருந்தது. நாட்டு விடுதலை என்ற பெரிய வேலை இருவரையும் இணைத்தது. இவை இல்லாதவர்கள் இன்றும் தனித்து நின்று தவிக்கிறார்கள்.

பெற்றவர்களுக்குக் கோபம் வரலாம். பயம் வரலாம். பேசலாம்; எச்சரிக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும் பிள்ளையைச் செத்தவள் என்று சொல்லிவிட்டால், பிறகு திரும்பி வர வழியே இல்லாமல் போகிறது. பிள்ளைக்கும் வழி இல்லை. பெற்றவர்களுக்கும் வழி இல்லை.

டெல்லிக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். பழைய டெல்லியின் ஓரத்தில் ஆசப் அலி சாலை இருக்கிறது. தெற்கே அருணா ஆசப் அலி சாலை இருக்கிறது. அருணாவின் பெயரால் சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றும் இருக்கிறது. அங்கே எல்லா மதத்தினரும் வைத்தியத்துக்கு வருகிறார்கள்.

திதி கொடுத்ததால் அருணாவின் பெயர் அழியவில்லை. அன்று அவரை ஒதுக்கிய உறவினரின் பெயரும், இன்று அவர் கதையைச் சொல்லும்போதுதான் நினைவுக்கு வருகிறது.